இடுப்பு மூட்டு எலும்பு இடிக்கிறது, ஆபரேஷன் அவசியமா?
38 வயது, குந்தி உட்கார்ந்தால் கவட்டையில் சுருக்கென்று குத்துகிறது, ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடை எலும்பின் பந்துக்குக் கீழுள்ள கழுத்து புடைத்திருந்தால், காலை மடக்கும்போதெல்லாம் அது இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். அங்கே மோதிரம் போலச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் மெல்லக் கிழியும். 2001இல் சுவிட்சர்லாந்தின் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் மூட்டையே கழற்றிச் சரிசெய்யும் முறையை விவரித்தார்கள். இப்போது பெரும்பாலும் சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பிதான்: புடைப்பைச் செதுக்கி, கிழிசலைத் தைப்பார்கள்.

சரி, பலன்? 348 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டு கழித்து, பிசியோதெரபி எடுத்தவர்களைவிட ஆபரேஷன் செய்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் இரு தரப்புக்குமே குணம் தெரிந்தது. அதனால் முதலில் சில மாதங்கள் பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்புறம், எக்ஸ்ரேயில் மூட்டு ஏற்கெனவே நன்றாகத் தேய்ந்திருந்தால் இந்த ஆபரேஷன் பெரிதாக உதவாது. அதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.