கொடி காடாய்க் கிடக்கிறது, கிழங்கைக் காணோம்!

கேள்வி: அக்கா, தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேலியோரம் சர்க்கரைவள்ளி நட்டேன். நாலு மாதத்தில் கொடி பக்கத்து வீட்டு வாசல்வரை போய்விட்டது, தோண்டினால் சுண்டுவிரல் தடிமனில் வேர்தான். கோழி எரு, யூரியா எல்லாம் மாதம் தவறாமல் போடுகிறேன். என்ன குறை?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: குறை இல்லை தங்கச்சி, கூடிப்போனதுதான் வினை. கோழி எருவிலும் யூரியாவிலும் தழைச்சத்து அதிகம், அது கிடைக்கிறவரை கொடி இலையாக விட்டுக்கொண்டே இருக்கும், கிழங்கு பக்கம் திரும்பவே திரும்பாது. யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். விறகடுப்புச் சாம்பல் கிடைத்தால் ஒரு கைப்பிடி மண்ணோடு கொத்திவிடுங்கள், கிழங்குக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. அப்புறம் மண். தாமான் வீட்டைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் செம்மண்ணும் உடைந்த கல்லும்தானே, அதில் கிழங்கு எங்கே பருக்கும்? மணல் கலந்து ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள், இடமில்லை என்றால் பழைய அரிசிச் சாக்கு போதும், ஆனால் வெயில் நன்றாக விழ வேண்டும். இந்தக் கொடியையே வீணாக்காமல், நுனியில் ஒரு அடி நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்று கணு மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து நடுங்கள். கொடி ஓடுகிற இடமெல்லாம் கணுவில் வேர் விடும். எங்கள் லயத்தில் பாட்டிமார் அவ்வப்போது கொடியைத் தூக்கிப் புரட்டிப் போடுவது அந்த வேர் மண்ணைப் பிடிக்காமல் இருக்கத்தான், நாங்களோ பாம்பு தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

மூன்றரை, நாலு மாதத்தில் தோண்டலாம். தோண்டியதும் கழுவாமல் ஒரு வாரம் நிழலில் போட்டு வையுங்கள், இனிப்பு ஏறும். ஐஸ்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே கட்டையாகிவிடும்.

கேள்வி: கிழங்கு நன்றாகத்தான் விழுந்தது. வெட்டினால் உள்ளே கறுப்பாக ஓட்டை, அவித்தால் ஒரே கசப்பு. ஓட்டையை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?
- வாசகர், பீடோர்

பதில்: வேண்டாம் ஐயா. அது கூன்வண்டு வேலை. வண்டு முட்டையிட்டு, புழு உள்ளே குடைந்துகொண்டு போகும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பைச் சுரக்கிறது, எவ்வளவு அவித்தாலும் போகாது. ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். கிழங்கு பருக்கும்போது மேட்டில் மண் வெடிக்கும், வண்டு இறங்குவது அந்த வெடிப்பு வழியாகத்தான், அதனால் வெடிப்பைக் கண்டதும் மண் அணைத்து மூடுங்கள். நாள் கடந்தும் தோண்டாமல் விட்டுவைக்காதீர்கள். அடுத்த தடவை அதே இடத்தில் நட வேண்டாம், அந்தக் கொடியிலிருந்து வெட்டியும் நடாதீர்கள்.

கேள்வி: இலையைச் சமைக்கலாமா?
- வாசகி, தெலுக் இந்தான்

பதில்: தாராளமாக. கங்கோங் கீரைக்குச் சொந்தக்காரன்தான் இதுவும். கொழுந்தாகப் பறித்து பெலாச்சான் (இறால் விழுது) சம்பாலில் பிரட்டுங்கள், பெலாச்சான் ஆகாதவர்கள் பருப்பு போட்டுக் கடையலாம். கிழங்கும் வேண்டும் என்றால் கொடியை மொட்டையடித்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.