ஹட்டனில் ஏர்பிரஷ் பழகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

இலங்கை மலையகத்து ஹட்டனில் இருந்துகொண்டு ஓட்டோ, தலைக்கவசம், மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி ஆகியவற்றில் ஏர்பிரஷால், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் பேனா போன்ற கருவியால், படம் வரையப் பழக ஆசை என்கிறீர்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மின்கலக் கைக்கருவி போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கேக்கின் மேல் நிறம் தூவவும் நகத்தை அலங்கரிக்கவும் அது சரி. நீங்கள் சொல்லும் வேலைக்கு அதில் காற்றுத் தாங்கியும் இல்லை, நீரைப் பிரிக்கும் குப்பியும் இல்லை. அந்தக் குப்பி இல்லாமல் மலையகத்தில் ஏர்பிரஷைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கொம்பிரசரில், காற்றை அமுக்கும்போது சூடு ஏறுகிறது. சூடான காற்றில் ஆவியாக இருக்கும் ஈரம், குழாய்க்குள் குளிர்ந்ததும் துளியாகிறது. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் துவைத்த சட்டை கூட ஒழுங்காகக் காய்வதில்லை. கொம்பிரசர் இழுப்பதும் அதே காற்றைத்தான். புலியின் கண்ணில் கருமணியை வைக்கும் நேரம் பார்த்து ஏர்பிரஷின் முனை ஒருமுறை அந்த நீரைத் துப்பும். காயாத பெயின்டின் நடுவில் அடிநிறம் தெரியும்படி ஒரு வட்டம் விழும், அதைச் சுற்றி நிறம் எட்டுக்கால் பூச்சி போல ஓடும். அதை ஒற்றி எடுக்கப் போனால் இன்னும் கெட்டுவிடும்.

ஆகவே பணத்தில் பெரும்பங்கு கொம்பிரசருக்குப் போகட்டும். ஆறில் ஒரு குதிரைவலு மோட்டாரும் மூன்று லீட்டர் தாங்கியும் கொண்ட சிறிய பிஸ்டன் வகை போதும். தாங்கி நிறைந்ததும் அது தானாக நின்றுவிடும், காற்று குறைந்ததும் மீண்டும் ஓடும். சத்தமும் பரவாயில்லை, தோட்ட லயத்தில் ஒற்றைச் சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகும் அளவுமானியும் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலான வேலை 15 முதல் 30 பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவுக்குள் முடிந்துவிடும். கொம்பிரசரில் உள்ள குப்பியோடு நிறுத்தாமல், கைப்பிடிக்கு அருகே இன்னொரு சிறிய குப்பியையும் மாட்டிக்கொள்ளுங்கள். குழாயில் வரும் வழியில் உருவாகும் துளியைப் பிடிப்பது இந்த இரண்டாவதுதான். வேலை முடிந்ததும் தாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு ஏறும்.

தெரிந்தவர் டயர் கடை வைத்திருந்தால் அவருடைய பெரிய கொம்பிரசரிலேயே பழகலாம், அழுத்தக் குறைப்பானும் குப்பியும் மட்டும் உங்களுடையதாக இருந்தால் போதும். ஏர்பிரஷ் குழாயின் மரை பெரும்பாலும் எட்டில் ஓர் அங்குலம், கடைக் குழாயினுடையது காலங்குலம். இடையில் போட ஓர் இணைப்பியைக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஏர்பிரஷ். விசையை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயின்ட் என்று இரண்டையும் தனித்தனியாக ஆளக்கூடிய இரட்டைச் செயல் வகையையே வாங்குங்கள். அழுத்த மட்டும் தெரிந்த ஒற்றைச் செயல் வகையில் பழகிய விரல் பிறகு மாறுவதற்குச் சண்டித்தனம் செய்யும். பெயின்ட் ஊற்றும் கிண்ணம் மேலே இருக்கட்டும். குறைந்த அழுத்தத்திலும் பெயின்ட் தானாக இறங்கும், சில சொட்டு இருந்தாலே வரையலாம். முனையின் துளை 0.3 மில்லிமீற்றர். விற்பவர் 0.2 வாங்கச் சொன்னால் கேட்க வேண்டாம், பழகுபவர் கையில் அது அடைத்துக்கொண்டே இருக்கும். மினுமினுப்பான வாகனப் பெயின்டுக்கு 0.5 வேண்டும்.

ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்றவை காலத்துக்கும் உழைக்கும். ஆனால் ஊசி நுனி வளைந்தால் மாற்று ஊசி உங்களுக்கு எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை முதலில் விசாரியுங்கள். சீனத் தயாரிப்புகளும் பழகப் போதும், ஓர் உபரி ஊசியும் முனையும் சேர்த்து வாங்கினால். சிலவற்றில் உள்ளே சாதாரண ரப்பர் வளையம் இருக்கும். பெயின்டை இளக்கும் தின்னர் பட்டால் அது உப்பி விசையை இறுக்கிவிடும், ஆகவே டெஃப்லான் வளையமா என்று கேளுங்கள்.

பெயின்டில் மலையகத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, மூடுபனி நாளில் காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து கறுப்பு நிறமும் பால் பூத்ததுபோல் வெளுக்கிறது. மெதுவாக உலரும் தின்னர் வாங்குங்கள், அல்லது வெயில் நாளுக்குக் காத்திருங்கள். பழகும் காலத்தில் நீரில் கரையும் அக்ரிலிக்கே நல்லது. குளிரில் மெல்லத்தான் காயும், முடி உலர்த்தியைத் தள்ளிப் பிடித்தால் போதும். பழைய பத்திரிகைத் தாளில் புள்ளியும், தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கோடும் இழுத்துக்கொண்டே இருங்கள். முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், கடைசியில் காற்று.

தின்னர் தொடும் நாளில் துணி முகக்கவசம் எதற்கும் உதவாது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டோ, விறகு அடுப்பு எரியும் குசினிக்குப் பக்கத்திலோ வேலை செய்ய வேண்டாம். மேலே அடிக்கும் இரட்டைக் கலவைப் பளபளப்புப் பூச்சில் ஐசோசயனேட் இருக்கிறது. சுவாசத்தை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய பொருள் அது. அந்த ஒரு வேலையை மட்டும், குழாய் வழியே வெளிக்காற்று வரும் முகக்கவசமும் பெயின்ட் அடிக்கும் அறையும் உள்ள கராஜுக்குக் கொடுத்துச் செய்வியுங்கள்.