வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு தேறவில்லை: கட்டி காரணமாக இருக்குமா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: 10 வயதுப் பையன், போன வருடம் வரை ஓடியாடியவன், இப்போது வாய்க்கால் படித்துறையில் முழங்காலில் கையை ஊன்றித்தான் ஏறுகிறான். வைட்டமின் டி கொடுத்தும் பலனில்லை. கட்டியால் இப்படி ஆகுமா?

ஆகும், ஆனால் மிக அபூர்வம். எலும்பிலோ சதையிலோ ஒளிந்திருக்கும் சின்னக் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது, எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். உடனே சிறுநீரகம், எலும்பு உறுதிக்குத் தேவையான பாஸ்பேட் என்ற தாது உப்பைச் சிறுநீரில் வெளியே விட்டுவிடும். வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவதும் தடைபடும். அதனால்தான் சாதாரண சொட்டு மருந்து எடுபடுவதில்லை.

கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள் அம்மா. ரத்தத்தில் பாஸ்பரஸ் (லேப் தாளில் பாஸ்பேட்டுக்கு இந்தப் பெயர்தான் இருக்கும்) பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, குழந்தைகளுக்கு அது பெரியவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். லேப் தாளில் பெரியவர்களுக்கான அளவு அச்சிட்டிருந்தால், குறைவுகூட நார்மல் போலத் தெரியும்.

பாஸ்பேட் குறைந்தால் குழந்தைகளிடம் பரம்பரைக் காரணத்தைத்தான் முதலில் தேடுவார்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை, திடீரென்று வந்தது என்றால் கட்டியையும் நினைக்க வேண்டும். 1959-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிராடர், 11 வயதுச் சிறுமியின் விலா எலும்பிலிருந்த கட்டியை அகற்றியதும் எலும்பு தேறியதைப் பதிவு செய்தார். இன்று காலியம் டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டியைத் தேடுகிறார்கள். முழுதாக எடுத்துவிட்டால் பாஸ்பேட் சில நாட்களிலேயே ஏறும். எலும்புக்கு மாதங்கள் ஆகும்.