அமெரிக்க எரிசக்தித் துறை நியமனங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்க எரிசக்தித் துறைக்கு அதிபர் ஆட்களை நியமிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ட்ரம்ப் நல்லவரா கெட்டவரா என்று கேட்ட நண்பர்கள் மன்னிக்கவும், அது வேறு கச்சேரி.

கோவையிலிருந்து ஒரு மின் பொறியாளர்: அதிபர் நினைத்தால் யாரை வேண்டுமானாலும் எரிசக்தி அமைச்சர் ஆக்கலாமா சார்? துறை தெரிந்தவராக இருக்க வேண்டாமா?

சட்டத்தில் அப்படி ஒரு தகுதி இல்லை. அதிபர் பெயரைச் சொல்ல வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். 1981இல் ரீகன் கொண்டுவந்த ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் ஒரு பல் மருத்துவர். தெற்கு கரோலினா ஆளுநராக இருந்தவர் என்பதால் நிர்வாகம் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரீகனுக்கு அந்தத் துறையையே இழுத்து மூட வேண்டும் என்றுதான் எண்ணம். மூடப்போகிற கடைக்கு யார் கல்லாவில் உட்கார்ந்தால் என்ன?

2009இல் ஒபாமா நேர் எதிராகப் போனார். அவர் நியமித்த ஸ்டீவன் சூ, 1997இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். அடுத்து வந்த எர்னஸ்ட் மோனிஸ் எம்.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியர். அவருக்குப் பின் டெக்சாஸ் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி. 2025 பிப்ரவரியில் பொறுப்பேற்ற கிறிஸ் ரைட், பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் தொழிலில் இருக்கும் லிபர்ட்டி எனர்ஜி நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர்.

வேடிக்கை என்னவென்றால், அமைச்சருக்குத் தகுதி கேட்காத சட்டம், அவருக்குக் கீழே அணு ஆயுதப் பிரிவை நடத்துபவருக்குக் கேட்கிறது. தேசியப் பாதுகாப்பிலும் பெரிய அமைப்புகளை நிர்வகிப்பதிலும் விரிவான அனுபவம் வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

திருச்சி கல்லூரி மாணவி: எரிசக்தித் துறையில் அணு ஆயுதமா? அது ராணுவத்தின் வேலை இல்லையா அண்ணா?

பலருக்கும் இங்கேதான் இடறுகிறது. ஏவுகணையும் விமானமும் ராணுவத்திடம். அதன் தலையில் இருக்கும் அணுகுண்டை வடிவமைப்பது, செய்வது, பராமரிப்பது எல்லாம் எரிசக்தித் துறையிடம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் வாரிசாக அணுசக்தி ஆணையம் வந்தது. 1974இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். அணு உலைகளைக் கண்காணிக்கும் பாதி, தனி ஒழுங்குமுறை ஆணையமாகப் போனது. ஆராய்ச்சியும் ஆயுதமும் இன்னொரு பாதிக்கு வந்தன. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு எரிசக்திக்கென்று ஒரே துறை வேண்டும் என்ற குரல் எழ, 1977 ஆகஸ்ட் 4 அன்று ஜிம்மி கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஆயுதப் பாதியும் புதுத் துறைக்குள் வந்து சேர்ந்தது.

இன்று துறையின் ஆண்டு பட்ஜெட் சுமார் 5,000 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற பிரிவுக்கே போகிறது. வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டு போன்ற பழைய ஆயுதத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்தம் செய்ய இன்னொரு பெரிய தொகை. அரசு நிலத்தில் எண்ணெய் எடுக்கக் குத்தகை விடுவது இந்தத் துறை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதுவும் இல்லை. அது அரசு நிலங்களைக் கவனிக்கும் உள்துறையின் கையில். அதனால் எண்ணெய்க்காரர் அமைச்சரானதும் "இனி எண்ணெய்தான்" என்று தலைப்புப் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அவர் மேசைக்கு வரும் கோப்புகளில் புளுட்டோனியம்தான் அதிகம்.

சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர்: நியமனம் செனட்டில் எப்படி நகர்கிறது? எங்கே சிக்குகிறது?

வெள்ளை மாளிகை பெயரை அறிவிக்கும். எஃப்.பி.ஐ. பின்னணியை விசாரிக்கும். சொத்து, பங்குகள் எல்லாவற்றையும் காட்டி, எதை விற்பேன், எந்தப் பொறுப்பிலிருந்து விலகுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ரைட் தன் நிறுவனத்திலிருந்து விலகியது அப்படித்தான். பிறகு செனட்டின் எரிசக்தி, இயற்கை வளக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும். அணு ஆயுதப் பிரிவின் தலைவர் என்றால் ராணுவக் குழு. அப்புறம் முழு செனட்டில் வாக்கெடுப்பு. 2013 நவம்பர் வரை, எதிர்க்கட்சி விவாதத்தை இழுத்தால் அதை முடிக்க 60 வாக்கு வேண்டியிருந்தது. அந்த மாதம் விதியை மாற்றினார்கள். இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும்.

சிக்குவது பெரும்பாலும் அந்த ஆளால் அல்ல. மோனிஸ் கதையைப் பாருங்கள். யாருக்கும் அவர்மேல் புகார் இல்லை. ஆனால் தெற்கு கரோலினா செனட்டர் லிண்ட்சே கிரஹாம் அவர் நியமனத்தை நிறுத்தி வைத்தார். காரணம், அவர் மாநிலத்தில் சவன்னா ரிவர் வளாகத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆலை. ஆயுதத்தில் மிஞ்சிய புளுட்டோனியத்தை உலை எரிபொருளாக மாற்றும் ஆலை அது. அதற்கு ஒபாமா அரசு பணத்தைக் குறைத்தது. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தபோது மோனிஸுக்கு 97–0. எதிர்ப்பே இல்லாதவரைப் பிடித்து வைத்துப் பேரம் பேச முடிகிற இடம் செனட்.

இப்போது கட்சி வேறுபாடு முற்றிவிட்டது. பெர்ரிக்கு 62–37, பைடன் நியமித்த ஜெனிஃபர் கிரான்ஹோமுக்கு 64–35, ரைட்டுக்கு 59–38. 2025 செப்டம்பரில் இன்னொரு விதியையும் மாற்றி, அமைச்சருக்குக் கீழே உள்ள பதவிகளுக்கு மொத்தமாக ஒரே வாக்கில் ஒப்புதல் தரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். முதல் தடவையே 48 பேர். வேகம் கூடியது உண்மை. தனித்தனியாகப் பார்க்கிற கண் குறைந்ததும் உண்மை.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: துறையின் பெயரை மறந்த ஆளையே துறைக்குத் தலைவராக்கினார்களாமே?

ஆமாம், ரிக் பெர்ரிதான். 2011 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் விவாத மேடையில், தான் அதிபரானால் மூன்று துறைகளை ஒழிப்பேன் என்றார். வர்த்தகம், கல்வி, மூன்றாவது... வரவே இல்லை. "ஊப்ஸ்" என்று முடித்தார். அந்த மூன்றாவது எரிசக்தி. 2017இல் ட்ரம்ப் அவரை அங்கேயே உட்கார வைத்தார். செனட் விசாரணையில், துறை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டபின், ஒழிக்கச் சொன்னதற்கு வருந்துவதாகச் சொன்னார். இதில் அவர் முதல் ஆளும் இல்லை. 2001இல் புஷ் நியமித்த ஸ்பென்சர் ஏப்ரகாம், செனட்டராக இருந்தபோது துறையைக் கலைக்கும் மசோதாவில் கையெழுத்துப் போட்டவர்.

நெய்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஊழியர்: மின்கட்டணம், மின்தொடரமைப்பு இதையெல்லாம் அமைச்சர்தானே முடிவு செய்வார்?

இல்லை ஐயா. மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்சாரம், மொத்த விற்பனைச் சந்தை, எரிவாயுக் குழாய் எல்லாம் ஃபெர்க் என்று சுருக்கமாகச் சொல்லும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. துறைக்குள் இருக்கிறது, ஆனால் அமைச்சர் அதற்கு உத்தரவு போட முடியாது. ஐந்து உறுப்பினர்கள், ஐந்தாண்டுப் பதவி, ஒரே கட்சியில் மூன்று பேருக்கு மேல் கூடாது. நியமிப்பது அதிபர். ஐவரில் யார் தலைவர் என்பதையும் அவரே சொல்கிறார்.

என்னைக் கேட்டால், அமைச்சர் நியமனத்தைவிட இதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 2017 செப்டம்பரில் பெர்ரி ஒரு யோசனை அனுப்பினார். 90 நாள் எரிபொருளை வளாகத்திலேயே வைத்திருக்கும் நிலையங்களுக்கு, அதாவது நிலக்கரி, அணு மின்நிலையங்களுக்கு, கூடுதல் வருமானம் உறுதி செய்யுங்கள் என்று. 2018 ஜனவரி 8 அன்று ஃபெர்க் அதை 5–0 என்று நிராகரித்தது. அந்த ஐவரில் நால்வர் ட்ரம்ப் நியமித்தவர்கள்! நியமித்தவரின் அமைச்சரையே மறுக்கும் தைரியம், நிலையான பதவிக்காலம் இருந்ததால் வந்தது என்பது என் கணிப்பு.

நாற்காலி காலியானால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2017 உதாரணம். முடிவெடுக்க மூன்று பேராவது வேண்டும். பிப்ரவரியில் ஒருவர் விலகியதும் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஆகஸ்ட் வரை பெரிய குழாய்த் திட்டங்கள் அப்படியே கிடந்தன. 2022இல் வேறு கூத்து. தலைவர் ரிச்சர்ட் கிளிக்கை பைடன் மறுபடி நியமித்தார். செனட் குழுத் தலைவர் ஜோ மேன்சின், பைடனின் கட்சிக்காரர்தான், விசாரணையே வைக்க மாட்டேன் என்றார். வாக்கெடுப்பு இல்லை, தோல்வியும் இல்லை. 2023 ஜனவரி தொடக்கத்தில் கிளிக் வீட்டுக்குப் போனார்.

அமைச்சருக்கு அதிகாரமே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவசரநிலை என்று சொல்லி ஒரு மின்நிலையத்தை ஓட வைக்க அவரால் முடியும். 2025 மே மாதக் கடைசியில் மூடவிருந்த மிச்சிகன் மாநில கேம்பெல் நிலக்கரி நிலையத்தை, அதற்குச் சில நாள் முன்பு ரைட் அப்படித்தான் நிறுத்தவிடாமல் செய்தார்.

மதுரைக்காரர் ஒருவர்: நியமித்தவரை அதிபர் நீக்க முடியுமா? செனட்டைக் கேட்க வேண்டுமா?

அமைச்சர், துணை அமைச்சர் போன்றவர்களை நீக்க யாரையும் கேட்க வேண்டாம். முதல் எரிசக்தி அமைச்சர் ஜேம்ஸ் ஷ்லெசிங்கர் 1979 ஜூலையில் கார்ட்டர் நடத்திய அமைச்சரவை மாற்றத்தில் போனார். அதற்கு முன் 1975இல் ஃபோர்டும் அவரைப் பாதுகாப்புத் துறையிலிருந்து அனுப்பியிருந்தார். ஃபெர்க் உறுப்பினரை நீக்க மட்டும் திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு என்று காரணம் வேண்டும் என்கிறது சட்டம். இப்படிப்பட்ட பாதுகாப்புக்கு அடிப்படை 1935 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வேறொரு ஆணைய உறுப்பினரை ட்ரம்ப் நீக்கிய வழக்கில் அந்தத் தீர்ப்பே கேள்விக்கு வந்துவிட்டது.

துறையின் தலைமைத் தணிக்கை ஆய்வாளர் பதவியும் அதிபர் நியமனம்தான். அவரை நீக்க நாடாளுமன்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2025 ஜனவரியில் பல துறைகளின் ஆய்வாளர்கள் ஒரே இரவில் நீக்கப்பட்டபோது இந்தத் துறையின் ஆய்வாளரும் போனார். முன்னறிவிப்பு இல்லை.

சேலத்திலிருந்து: புள்ளிவிவரத்தை அமைச்சர் தனக்கு வசதியாகத் திருத்தலாமா?

எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் தலைவரும் அதிபர் நியமிப்பவரே. ஆனால் அவர் வெளியிடும் தகவலுக்கு வேறு எந்த அதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை என்று 1977 சட்டமே சொல்கிறது.

பெங்களூருவிலிருந்து ஒருவர்: ஜனவரி 20 அன்று பழைய அமைச்சர் போய்விடுவார், புதியவர் வர வாரக்கணக்கில் ஆகும். நடுவில் யார்?

பழம் தின்று கொட்டை போட்ட நிரந்தர அதிகாரிகள். 2017இல் கிரேஸ் போசெனெக், 2021இல் டேவிட் ஹைசெங்கா, 2025இல் இங்க்ரிட் கோல்ப். மூவரின் பெயரும் செய்தியில் வரவே வராது. நாட்டின் அணு ஆயுதத் துறை அந்தச் சில வாரங்கள் அவர்கள் பொறுப்பில்தான் இருந்தது. நிரப்பாத பதவியில் தற்காலிகமாக ஒருவர் எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு 1998 சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. பொதுவாக 210 நாள், புது அதிபர் வரும்போது 300.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா: என் மகன் அங்கே ஒரு தேசிய ஆய்வகத்தில் ஆராய்ச்சியாளன். அதிபர் மாறினால் வேலை போய்விடுமா தம்பி?

அதிபர் மாறினார் என்பதற்காகப் போகாது அம்மா. மொத்தம் 17 தேசிய ஆய்வகங்கள். அதில் 16ஐ அரசு நேரடியாக நடத்துவதில்லை, பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. உங்கள் மகனுக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் அந்த ஒப்பந்தக்காரர். ஆய்வக இயக்குநர்கூட அதிபர் நியமனம் இல்லை. அவனைப் பாதிக்கக்கூடியது பட்ஜெட். அவன் வேலை பார்க்கும் பிரிவுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்குகிறதா என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரசு ஊழியர்கள் நிலை கொஞ்சம் வேறு. 2025 பிப்ரவரியில் அணு ஆயுதப் பிரிவிலேயே புதிதாகச் சேர்ந்தவர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, சில நாளில் பெரும்பாலானவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நீக்கியது எத்தனை பேர் என்பதில் துறை சொன்ன கணக்கும் செய்தி நிறுவனங்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

டெக்சாஸில் இருக்கும் தமிழர்: நம்மவர்கள் யாராவது அந்தப் பதவிகளில் இருந்திருக்கிறார்களா?

இந்திய வம்சாவளியினர் பலர். கொல்கத்தாவில் பிறந்த அருண் மஜும்தார், துறையின் புதுமை ஆராய்ச்சி நிதி அமைப்பான ஆர்ப்பா-இக்கு முதல் இயக்குநர். ரீட்டா பரன்வால் 2019இல் அணுசக்திப் பிரிவின் துணைச் செயலர் ஆனார், அந்தப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். நீல் சாட்டர்ஜி ஃபெர்க் தலைவராக இருந்தவர். மேலே சொன்ன 5–0இல் அவர் வாக்கும் ஒன்று. தமிழ்நாட்டுத் தொடர்பு என்றால் ராமமூர்த்தி ரமேஷ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர், சூரிய மின்சாரத்தின் விலையைக் குறைக்க ஒபாமா காலத்தில் தொடங்கிய சன்ஷாட் திட்டத்தின் முதல் இயக்குநர். அது செனட் ஒப்புதல் தேவைப்படாத பதவி. துறையின் கடன் திட்ட அலுவலகத்தை பைடன் காலத்தில் நடத்திய ஜிகர் ஷாவும் அதே வகை. பெரிய பெரிய கடன்களைப் பரிசீலிக்கும் நாற்காலிக்கு செனட் விசாரணை கிடையாது என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

கொழும்பிலிருந்து ஒருவர்: எரிசக்தி அமைச்சர் அதிபராகும் வாய்ப்பு உண்டா?

ஏட்டளவில் உண்டு. வாரிசு வரிசையில் 15ஆவது இடம். அதிபர் நாடாளுமன்றத்தில் உரையாற்றும் இரவு, எல்லோருக்கும் ஒன்றாக ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு அமைச்சரை வேறெங்காவது ஒதுக்கி வைப்பார்கள். 2014இல் மோனிஸ், 2019இல் பெர்ரி அப்படி இருந்தார்கள். கிரான்ஹோமுக்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை. அவர் பிறந்தது கனடாவின் வான்கூவரில்.