கூட்டத்தோடு சைக்கிள் ஓட்ட எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

கேள்வி: தட்டை ஹேண்டில்பார் ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருக்கிறேன். டயர் 40 மிமீ, பட்டன் போன்ற ரப்பர் மேடுகள் வைத்தது. அடுத்த மாதம் முதல் புதியவர்களுக்கான குழு ரைடில் சேரப்போகிறேன். ரோடு பைக் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் உள்ள வேகச் சைக்கிள்) இல்லாமல் போனால் தொங்கலில் விட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். வாங்கியே ஆக வேண்டுமா?

இப்போது வேண்டாம். புதியவர்கள் ரைடு பெரும்பாலும் மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டருக்குள்தான் போகும். அந்த வேகத்தில் ஹைப்ரிட் உங்களைத் தடுக்காது, டயர்தான் தடுக்கும். பட்டன்கள் தார் ரோட்டில் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதில் உங்கள் உழைப்பு வீணாகும். டயர்களை மட்டும் வழவழப்பான 32 மிமீ ஜோடிக்கு மாற்றுங்கள். வாங்கும் முன் பழைய டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 40-622 என்று இருந்தால், புதியதிலும் 622 இருக்க வேண்டும். முன்னால் உள்ள எண் அகலம், அது மாறலாம். பின்னால் உள்ளது ரிம்மின் விட்டம், அது மாறக் கூடாது. டியூபையும் 32 மிமீக்குப் பொருந்துவதாக வாங்குங்கள்.

காற்று விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டயரில் எழுதியிருப்பது உச்ச வரம்பு. அந்த அளவுக்கு அடிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. 70 கிலோ எடை உள்ளவருக்கு 32 மிமீ டயரில் 50 முதல் 60 பிஎஸ்ஐ போதும், பின் சக்கரத்துக்கு முன்னதைவிட 3 முதல் 5 கூடுதல். கல்லாக அடித்தால் வண்டி சிறு மேடுகளில் துள்ளும், பிடிமானம் குறையும், கை மரத்துப்போகும். வேகமும் கூடாது. அளவுமானி உள்ள தரை பம்ப் ஒன்று இருந்தால் இதெல்லாம் உங்கள் கையில். முதல் மாதச் செலவில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

ரோடு பைக் எப்போது தேவை? 25-லிருந்து 30-க்கு வேகம் கூடும்போது காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி சுமார் 1.7 மடங்காகிறது, ஏனென்றால் அது வேகத்தின் மூன்றாம் அடுக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். நிமிர்ந்து உட்காரும் ஹைப்ரிட்டுக்கு அங்கேதான் மூச்சு வாங்கும். 28-க்கு மேல் ஓடும் குழுவுக்கு நீங்கள் முன்னேறிய பிறகு இந்தக் கேள்வியை மறுபடி எழுப்புங்கள். அதுவரை மிச்சமாகும் பணத்தில் தரமான பேடு வைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள். உள்ளே உள்ளாடை போடாமல் அணிய வேண்டும். தையல் உரசாமல் இருக்கத்தான் அந்தப் பேடே இருக்கிறது.

கேள்வி: கட்டணம் செலுத்திப் போன ரைடில் "சராசரி 25, யாரையும் விட்டுவிட மாட்டோம்" என்று அறிவித்திருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் தனியாகி விட்டேன். நான் 25-ல் ஓட்டக்கூடியவன்தான். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். அறிவிப்பின் வாசகத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் பேச்சு சுலபமாகும். ஆனால் இதில் ஏமாற்றைவிடச் சொல் குழப்பம்தான் அதிகம் இருக்கும். சராசரி 25 என்றால் சிக்னல், வளைவு, மேடு எல்லாம் சேர்ந்த சராசரி. அதை எட்டச் சமதளத்தில் குழு 28 முதல் 30 வரை ஓட வேண்டும். நீங்கள் தனியாக ஓட்டும் 25 சமதளத்தில் தொடர்ந்து ஓட்டும் வேகமாக இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

யாரையும் விட்டுவிடாத ரைடு, அதாவது "நோ டிராப்" என்பதற்கும் ஆளுக்கொரு அர்த்தம். சிலர் கடைசி ஆளின் வேகத்துக்கு மொத்தக் குழுவையும் இறக்குவார்கள். சிலர் இஷ்டப்படி ஓட்டிவிட்டு ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் காத்திருப்பார்கள். பணம் கட்டும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். சமதள வேகம் என்ன, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஒன்றுசேர்வீர்கள், கடைசியில் ஓட்டி வரப் பொறுப்பாளர் இருக்கிறாரா, மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர். 60 கிலோமீட்டரில் 200 மீட்டர் ஏற்றமும் 900 மீட்டர் ஏற்றமும் இரண்டு வேறு ரைடுகள். கட்டணத்தில் உதவி வண்டி உண்டா, மழையால் ரத்தானால் பணம் திரும்புமா, விபத்துக் காப்பீடு யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் பொறுப்புத் துறப்புப் படிவத்தைப் படிக்காமல் போடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழுவில் வேகம் குறைந்தவர்கள் பின்தங்குவதற்குப் பாதிக் காரணம் இடைவெளி. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்றுத் தடை குறைந்து, அதே வேகத்துக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். நான்கு சைக்கிள் நீளம் பின்னால் போய்விட்டால் அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும், நீங்கள் தனியாகவே ஓட்டுகிறீர்கள் என்று ஆகிவிடும். புதியவர்கள் ஒரு சைக்கிள் நீளத்தில் தொடங்கலாம். கண் முன் டயரில் குத்திட்டு நிற்காமல், முன்னால் உள்ளவரின் தோளைத் தாண்டிப் பார்க்க வேண்டும். உங்கள் முன் சக்கரம் அவருடைய பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் சற்று ஒதுங்கினால் விழுவது நீங்கள்தான். முன்னால் ஓட்டும் உங்கள் முறை வரும்போது வேகத்தைக் கூட்டாமல், ஏற்கெனவே ஓடிய அதே வேகத்தில் 30 விநாடி முதல் ஒரு நிமிடம் இழுத்துவிட்டு ஒதுங்குங்கள். முன்னுக்கு வந்ததும் உற்சாகத்தில் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் கூட்டிவிடுபவர்தான் பின்னால் உள்ளவர்களைக் குழுவிலிருந்து அறுத்துவிடுகிறார்.

கேள்வி: பவர் மீட்டர் வாங்கலாமா, மார்பில் கட்டும் ஹார்ட் ரேட் பட்டை போதுமா? பயிற்சித் திட்டச் சந்தா வேறு வாங்கச் சொல்கிறார்கள்.

முதல் ஆறு மாதத்துக்குப் பட்டை போதும். கைக்கடிகாரத்தின் ஒளி உணரி, ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கும்போதும் அதிர்விலும் தடுமாறும். மார்புப் பட்டை இதயத்தின் மின் துடிப்பையே எடுப்பதால் நம்பகமானது. மின்முனைகளை ஈரப்படுத்திவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் கண்டபடி எண் காட்டும். உச்ச இதயத் துடிப்புக்கு "220-லிருந்து வயதைக் கழி" என்ற கணக்கை வைத்துப் பயிற்சித் தீவிர மண்டலம் பிரிக்காதீர்கள். ஒரு தனி நபருக்கு அது பத்து, இருபது துடிப்பு வரை தவறலாம்.

பவர் மீட்டர் என்பது நீங்கள் பெடலில் செலுத்தும் சக்தியை வாட் கணக்கில் அளப்பது. அதை வாங்குபவர்கள் இடதுபுறம் மட்டும் அளக்கும் வகையை மலிவு என்று எடுப்பதுண்டு. அது இடது காலின் சக்தியை இரட்டித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். உங்கள் உண்மையான மொத்தம் 200 வாட், அதில் இடது 96, வலது 104 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வருவது 192. எப்போதும் ஒரே அளவில் தவறினால் பயிற்சிக்குப் பாதகமில்லை. களைத்த பிறகு இடது வலது விகிதம் மாறினால்தான் சிக்கல். வாங்கியபின் சைக்கிளை வெளியே பத்து நிமிடம் நிறுத்தி, வெப்பநிலை சமமானதும் பூஜ்ஜியம் அமைத்துவிட்டுக் கிளம்புங்கள். இதைச் செய்யாமல் மீட்டரைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

உங்களால் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தியைக் கணிக்கும் வழக்கமான முறை இது: நன்றாக உடல் சூடேற்றிய பின் 20 நிமிடம் முழு உழைப்பு, அதன் சராசரியில் 95 சதவீதம். 240 வாட் வந்தால் 228. முதல் ஐந்து நிமிடத்தில் பாய்ந்துவிட்டுக் கடைசியில் தேய்ந்தால் எண் பொய்யாகிவிடும்.

சந்தா பற்றி எங்கள் கருத்து சற்றுக் கசப்பானது. நீங்கள் வாரத்தில் ஓட்டுவதே இரண்டு குழு ரைடு என்றால் எந்தத் திட்டமும் வேலை செய்யாது. திட்டம் "இன்று மெதுவாக 90 நிமிடம்" என்று சொல்லும் நாளில் குழு மேட்டில் பாயும், நீங்களும் பாய்வீர்கள். மூன்றாவதாகத் தனியாக ஓட்ட ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். அதையும் மாதக் கணக்கில் எடுங்கள். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் தானாகவே ஆண்டுச் சந்தாவாக மாறும் வகை பல உண்டு. பதிவு செய்த அன்றே ரத்து செய்யும் பக்கம் எங்கே என்று தேடிப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் அன்றே ரத்து செய்தாலும் சோதனைக் காலம் முழுதும் இயங்கும்.

கேள்வி: ஷூவும் பெடலும் தனித்தனியாக வாங்கினேன். ஷூவின் அடியில் மூன்று துளை, பெடலோடு வந்த கிளீட்டில் (ஷூவைப் பெடலில் மாட்டும் கொக்கித் தகடு) இரண்டு. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

இவை இரண்டு வேறு முறைகள். இரு துளையுடைய சிறிய உலோகக் கிளீட், நடக்க வசதியாக ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். மூன்று துளையுடையது பெரிய பிளாஸ்டிக் கிளீட், வெளியே துருத்திக்கொண்டிருக்கும், டைல்ஸ் தரையில் வழுக்கும். பயன்படுத்தாத பொருளுக்கு மாற்று கேட்பது நியாயம். எந்த ஷூவோடு பயன்படுத்தப்போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும். எதை மாற்றுவது? புதியவர் என்றால் பெடலை வைத்துக்கொண்டு இரு துளை ஷூவுக்கு மாறுங்கள். தேநீருக்கு இறங்கும் ரைடில் நடக்கவும் வேண்டும் அல்லவா.

மாற்றியபின் செய்ய வேண்டியது: கிளீட்டை உள்ளங்காலின் முன்புறப் புடைப்புக்கு நேராகவோ சற்றுப் பின்னாகவோ பொருத்தி, இரண்டு திருகையும் மாறி மாறி இறுக்குங்கள், 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை. பெடலின் பின்புறச் சிறு திருகை 3 மிமீ ஆலன் சாவியால் தளர்த்தி மிகக் குறைந்த இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நான்கு பக்கமும் செய்ய வேண்டும், ஏனென்றால் இரட்டைப் பக்கப் பெடலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் திருகு. ஷிமானோ நிறுவனத்தின் இரு துளை முறையில் எஸ்எச் 56 என்ற கிளீட் பல திசையிலும் கழன்றுவரும். கூட்டத்தில் கற்றுக்கொள்பவருக்கு அது நல்லது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலுக்கும் 50 முறை மாட்டிக் கழற்றுங்கள். குதிகாலை வெளிப்புறம் திருப்ப வேண்டும், மேலே இழுக்கக் கூடாது. குழுவோடு போகும் முதல் நாளே இதைப் பழகாதீர்கள். சிக்னலில் சாய்கிறவர் தன்னோடு பக்கத்தில் நிற்பவரையும் சாய்க்கிறார்.

கேள்வி: பழைய ரோடு பைக் ஒன்று கைக்கு வருகிறது. என்ன பார்ப்பது?

முதலில் அளவு. பொருந்தாத அளவு எவ்வளவு மலிவானாலும் நஷ்டம். பிறகு செயின். ஸ்கேலைச் செயின் முள் ஒன்றின் நடுவில் வைத்து 24 இடைவெளி எண்ணுங்கள். புதிய செயினில் அது 304.8 மிமீ. 306.3-ஐத் தாண்டினால் 0.5 சதவீதத் தேய்மானம், பின்னால் 11 அல்லது 12 கியர் உள்ள வண்டியில் செயினை மாற்றும் நேரம். 10 கியர் வரை 0.75 சதவீதம், அதாவது 307.1 வரை தள்ளலாம். அதற்கும் மேல் ஓட்டியிருந்தால் கேசட்டும் (பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து தேய்ந்திருக்கும், விலை பேசும்போது இரண்டையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ஷிமானோ ரோட்டரின் (பிரேக் வட்டின்) குறைந்தபட்சத் தடிமன் 1.5 மிமீ, ரோட்டரிலேயே பொறித்திருக்கும்.

முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்) தளர்ந்திருப்பது விரலில் தெரியும். கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டி அடிப் பேரிங்கையும், சக்கரத்தை ஆட்டி ஹப்பையும் பாருங்கள். கார்பன் ஃபிரேமை நாணயத்தால் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்கும் வித்தையை நம்பாதீர்கள். டவுன் டியூபின் (முன்னாலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடியிலும் சீட்டை இறுக்கும் கிளாம்ப் அருகிலும் பெயிண்டில் நூல் கோடு ஓடினால் ஒதுங்கிவிடுங்கள். ஃபிரேமின் அடியில் உள்ள வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் மலிவின் காரணம் தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டுக்குள் பயிற்சிக்கு டைரக்ட் டிரைவ் டிரெய்னர் (பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டும் கருவி) வாங்கினேன். கேசட் ஏறவில்லை.

அதில் உள்ள ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் உருளை) வகையும் உங்கள் கேசட்டும் ஒரே முறையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். வழக்கமான ஷிமானோ வகைதான், 11 கியர் அளவு என்றால், 8, 9, 10 கியர் கேசட் ஏறும், ஆனால் அடியில் 1.85 மிமீ வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். பெட்டிக்குள் ஒரு மூலையில் அந்த வளையம் இருக்கும், தேடுங்கள். ஆக்சிலுக்கு உரிய அடாப்டரும் அப்படியே.

கேள்வி: குழு ரைடில் எடுத்துப்போக வேண்டிய பஞ்சர் சாமான் என்ன?

உங்கள் ரிம்முக்கும் டயருக்கும் பொருந்தும் டியூப் இரண்டு, டயர் நெம்புகோல் இரண்டு, சின்ன பம்ப், பசைத் துண்டுகள், ஆலன் சாவிக் கொத்து. ஆழமான ரிம் என்றால் நீள வால்வு உள்ள டியூப். 48 மிமீ வால்வு வெளியே எட்டிப் பார்க்காத ரிம்மில் பம்பே பிடிக்காது, உங்களுக்குக் கடன் கொடுக்க வருபவரின் டியூபும் பெரும்பாலும் உதவாது. 16 கிராம் கரியமில வாயுக் குப்பி வேகமானது, ஆனால் அந்த வாயு டியூபிலிருந்து சீக்கிரம் கசியும். வீட்டுக்கு வந்து சாதாரணக் காற்று அடித்துவிடுங்கள். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். முள்ளை உள்ளேயே விட்டுவிட்டு இரண்டாவது டியூபையும் இழப்பவர்கள் அநேகம், அன்றைக்குக் குழு முழுதும் இருபது நிமிடம் கூடுதலாக நிற்கும்.

கேள்வி: எனது பின் விளக்கு கண்ணைப் பறிக்கிறது என்று குழுவில் குறை சொல்கிறார்கள். வேறு வாங்க வேண்டுமா?

வேண்டாம். மினுக்கும் முறையை விட்டுவிட்டு, நிலையான மிகக் குறைந்த ஒளிக்கு மாற்றித் தரையை நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். வரிசையில் கடைசியாக ஓட்டும்போது மட்டும் பிரகாசத்தைக் கூட்டுங்கள்.