ரத்தப் பரிசோதனை நார்மல், ஆனால் கழுத்தில் கட்டி: என்ன செய்வது?

கேள்வி: வயது 42, பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். தாலிச்சங்கிலி போடும்போது கழுத்தில் ஒரு பக்கம் உருண்டையாகத் தட்டுப்பட்டது. தைராய்டு ரத்தப் பரிசோதனை நார்மல். டாக்டரோ ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி குத்திப் பார்க்கலாம் என்கிறார். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று மாமியார் தடுக்கிறார்.

பதில்: டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது இதைத்தான்) நார்மல் என்றால் தைராய்டு சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. தைராய்டு புற்றுநோய் உள்ள பலருக்கும் ரத்தப் பரிசோதனை நார்மலாகத்தான் வரும். அதற்காகப் பதற வேண்டாம், இப்படித் தட்டுப்படும் கட்டிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் சாதாரணமானவைதான். ஆனால் அது எது என்று பார்த்துத்தானே ஆகவேண்டும்?

ஸ்கேனில் கட்டியின் அளவு, அதன் ஓரம் சீராக இருக்கிறதா, உள்ளே பொடிப் பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியது, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் ஊசியே வேண்டாம். வேண்டும் என்றால், தோளுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கவைத்து, எச்சில் விழுங்காமல் இருக்கச் சொல்லி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சுவார்கள். சில நிமிட வேலை. ஊசி போன வழியில் நோய் பரவுவது மிக மிக அரிது, மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். முடிவு 1 முதல் 6 வரை ஒரு எண்ணாக வரும்: 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்றுநோய், 1 என்றால் செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் (இந்த 1-ஐப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறவர்களும் உண்டு).

சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தாலோ, ரத்த உறவில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், உங்களைப் பார்த்து அக்கா தங்கை எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். தென்கொரியாவில் அப்படி ஆளாளுக்கு ஸ்கேன் செய்ததில், 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்போ குறையவே இல்லை. தொந்தரவே செய்யாத சின்னக் கட்டிகளுக்கெல்லாம் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

தனியாரில் செலவு கட்டாது என்றால் அரசாங்க கிளினிக்கில் காட்டி, செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள். குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், கட்டி வேகமாக வளர்வது, இதில் எது இருந்தாலும் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள், தேதி சீக்கிரம் கிடைக்க அது உதவும்.