சிங்கப்பூரில் எல்பிஏ (முடிவெடுக்கும் திறன் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம்) இருந்தால் மகன் வென்டிலேட்டரை மறுக்கலாமா?

முடியாது. வார்டில் அந்த மகன் எல்பிஏ தாளை நீட்டி, "அப்பாவுக்கு வென்டிலேட்டர் வேண்டாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றாலும் அது செல்லாது. 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி (Mental Capacity Act) உயிர்காக்கும் சிகிச்சையில் முடிவு மருத்துவருடையது. மகனைக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

எல்பிஏ, ஏஎம்டி (மரணத் தறுவாயில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணம்), ஏசிபி (பின்னாளில் எப்படிப்பட்ட பராமரிப்பு வேண்டும் என்று பேசி எழுதிவைப்பது) மூன்றையும் மகன் ஒன்றென நினைத்திருப்பார். பெரும்பாலான குடும்பங்களில் இதே குழப்பம்தான்.

முதலில் பெரியவருக்கே புரிகிறதா என்று பாருங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நல்லது கெட்டது எடைபோட்டுப் பதில் சொன்னால் அவர் வார்த்தைதான் இறுதி. தயவுசெய்து மகனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பேச முடியாமல் போனால் உங்களுக்கு எது முக்கியம், ஐயா?" என்று கேட்டு ஏசிபியில் எழுதட்டும்.

ஏசிபி சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஏஎம்டி கட்டுப்படுத்தும், ஆனால் மரணத் தறுவாயில் மட்டுமே. இரு சாட்சிகள் வேண்டும், ஒருவர் மருத்துவர், சொத்தில் பங்குள்ள மகன் சாட்சியாக முடியாது.